குச்சி உருவத்திலிருந்து முழு மனித உருவத்துக்கு: முதலில் அளவா, அசைவா?

சுண்ணாம்புக்கோடு (பதிவு 1)

எல்லோருக்கும் வணக்கம். சட்டி, செருப்பு, பழம், துணி மடிப்பு என்று அசையாத பொருளைப் பார்த்து வரைந்தால் ஓரளவு ஒழுங்காக வருகிறது. மனித உருவம் என்று வந்தால் மூன்று தப்பு திரும்பத் திரும்ப வருகிறது. தலை பெரிசாகிவிடுகிறது. காலுக்குத் தாளில் இடம் பத்துவதில்லை. நிற்கிற ஆள் துணிக்கடைப் பொம்மை போல விறைத்து நிற்கிறார்.

ஏ4 தாள், 2பி பென்சில், மேசைமேல் தாளைப் படுக்க வைத்து வரைகிறேன். குச்சி உருவம் போட்டு அதன்மேல் சதை ஏற்றும் முறை. எட்டுத் தலை அளவை (ஆளின் உயரம் எட்டுத் தலை நீளம் என்கிற கணக்கை) முதலில் மனப்பாடம் செய்ய வேண்டுமா, இல்லை அசைவை மட்டும் பிடிக்கிற 30 நொடி வேகக்கோடு பழகிவிட்டுப் பிறகு அளவுக்கு வர வேண்டுமா? இரண்டு பக்கமும் அடித்துச் சொல்கிறார்கள்.

கரித்தூள் (பதிவு 2)

முதல் இரண்டு தப்பையும் இன்றைக்கே பாதியாகக் குறைத்துவிடலாம். மேசையைக் கவனியுங்கள். தாள் படுத்துக் கிடந்தால் மேல்விளிம்பு கண்ணுக்குத் தூரம், கீழ்விளிம்பு பக்கம். தூரத்தில் இருப்பது சிறுத்துத் தெரிவதால், அதை ஈடுகட்டக் கை தானாகவே தலையைப் பெரிசாகவும் காலைச் சின்னதாகவும் போடும். வரையும்போது சரியாகத்தான் தெரியும். எடுத்துச் சுவரில் சாய்த்து வைத்தால் குட்டு வெளிப்படும். பரீட்சை அட்டையில் தாளைக் கிளிப் போட்டு, அடிப்பக்கத்தை மடியில் ஊன்றி, மேல்பக்கத்தை மேசை விளிம்பில் சாய்த்து உட்காருங்கள். கண்ணிலிருந்து போகும் பார்வை தாளின் நடுவில் நேர்க்குத்தாக விழ வேண்டும்.

கால் வெட்டுப்படுவதற்குக் காரணம் தலையில் ஆரம்பிப்பது. தலை எந்த அளவில் விழுகிறதோ அதுவே முழு உடம்புக்கும் அளவுகோல் ஆகிவிடும், அது 5 மில்லிமீட்டர் கூடினால் 7.5 தலை உயரத்தில் கிட்டத்தட்ட 4 சென்டிமீட்டர் கூடிவிடும். அதனால் எதையும் வரைவதற்கு முன் உச்சிக்கு ஒரு சிறு கோடு, உள்ளங்காலுக்கு ஒரு சிறு கோடு. ஏ4 தாளில் இரண்டுக்கும் நடுவே 22.5 சென்டிமீட்டர் வையுங்கள். தலை சரியாக 3 சென்டிமீட்டர் வரும். நடுவைக் கண்ணால் பிரித்து ஒரு கோடு: அது தொடை இடுக்கு. மேல்பாதியின் நடு மார்புக்காம்புக்குப் பக்கத்தில் வரும். கீழ்ப்பாதியின் நடு முழங்கால் சில்லுக்குச் சற்றுக் கீழே. ஐந்து கோடுதான். ஸ்கேல் வைக்காமல் பிரித்துவிட்டு, பிறகு ஸ்கேலால் சரிபாருங்கள். பத்து நாளில் கண் பழகும்.

புதிதாக வரைபவர்கள் பெரும்பாலும் நடுவைத் தொப்புளில் வைத்துவிடுவார்கள். மேல்உடம்பு நீண்டு கால் குறுகிப்போகும். பாதி உயரம் தொப்புளுக்கு ஒரு சாண் கீழே இருக்கிறது என்பதை உங்கள் உடம்பிலேயே அளந்து பார்க்கலாம்.

மைக்கூடு (பதிவு 3)

மூன்றாவது தப்புக்கு வருகிறேன், அதுதான் தீராத தலைவலி.

குச்சி உருவத்தில் குறையில்லை. நாம் போடுகிற குச்சிகளின் இடம்தான் தப்பு. வட்டம் ஒன்று, கீழே ஒற்றைக் குச்சி, அதன் மேல்முனையில் கை, கீழ்முனையில் கால். இதில் நெஞ்சும் இல்லை, இடுப்பும் இல்லை. உடம்பு வளைவதும் திரும்புவதும் அந்த இரண்டுக்கும் நடுவில்தான். அந்த இடத்தையே விட்டுவிட்டுச் சதை ஏற்றினால் பொம்மைதான் வரும்.

குச்சியை இப்படி மாற்றுங்கள். முதலில் ஒரே ஒரு ஓட்டக்கோடு. உச்சந்தலையில் தொடங்கி, கழுத்து வழியாக, முதுகுத்தண்டின் போக்கில் இறங்கி, எந்தக் காலில் பாரம் இருக்கிறதோ அந்தக் காலின் குதிகாலில் முடிய வேண்டும். 3 முதல் 5 நொடிக்குள். மணிக்கட்டை அசைக்காமல் தோளிலிருந்து கையை வீசிப் போட வேண்டும். பென்சிலை எழுதுவதுபோலப் பிடித்தால் இது வராது. கரண்டியைப் பிடிக்கிற மாதிரி உள்ளங்கைக்கு அடியில் படுக்க வைத்துப் பிடியுங்கள்.

அடுத்தது தோளுக்கு ஒரு சாய்கோடு, இடுப்புக்கு ஒரு சாய்கோடு. உருவத்துக்கு உயிர் கொடுப்பது இந்த இரண்டு கோடும்தான். ஒருவர் ஒற்றைக்காலில் பாரம் போட்டுப் பேருந்துக்கு நிற்கிறார் என்றால், பாரம் தாங்கும் பக்கத்து இடுப்பு மேலே ஏறியிருக்கும், அதே பக்கத்துத் தோள் கீழே இறங்கியிருக்கும். அந்தப் பக்கம் விலாவும் இடுப்பும் நெருங்கிச் சதை மடியும். எதிர்ப்பக்கம் இழுபட்டு நீளும். இரண்டு கோட்டையும் ஒன்றுக்கொன்று சமமாகப் போட்டுவிட்டால் ஆள் அட்டென்ஷனில் நிற்பார்.

அதன்பிறகு நெஞ்சுக்கு ஒரு முட்டை, இடுப்புக்கு ஒரு பெட்டி. முட்டையின் உயரம் ஒன்றரைத் தலை, தொண்டைக்குழியில் தொடங்கித் தொப்புளுக்குச் சற்று மேலே முடியும். பெட்டி ஏறக்குறைய ஒரு தலை. இரண்டுக்கும் நடுவில் இடைவெளி விட்டே ஆக வேண்டும். ஒட்டி வைத்தால் இடுப்பு வளையாது.

கை கால் கடைசியில். அதற்குள் 30 நொடி முடிந்துவிட்டால் முடியட்டும், விட்டுவிட்டு அடுத்த தாளுக்குப் போங்கள். ரப்பரைப் பைக்குள் வையுங்கள்.

ஒடியோலை (பதிவு 4)

அளவை ஒதுக்கிவிட்டு அசைவை மட்டும் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. நம் ஊர்ச் சிற்ப மரபு அளவிலிருந்துதான் தொடங்குகிறது. சுவாமிமலையில் மெழுகு உருவம் செய்யும் ஸ்தபதிகள் தென்னை ஓலையை நறுக்கி, செய்யப்போகிற உருவத்தின் உயரத்துக்கு எடுத்து, அதையே மடித்து மடித்துப் பாகங்களைக் குறித்துக்கொள்கிறார்கள். அதற்குப் பெயர்தான் ஒடியோலை. ஸ்கேல் இல்லாமலே எந்த உயரத்துச் சிலைக்கும் அதே விகிதம் கிடைக்கும்.

தாலம் என்பது முகத்தின் நீளம், மயிரெல்லையிலிருந்து மோவாய் வரை. அது 12 அங்குலம். இந்த அங்குலம் கடையில் விற்கும் டேப்பில் இருப்பதல்ல, அந்தந்த உருவத்துக்குள்ளேயே பிறக்கிற அளவு. ஒன்பது தாலம் உயரமுள்ள நவதாலத்தில் 108 அங்குலம் இப்படிப் பிரியும்: முகம் 12, கழுத்து 4, கழுத்திலிருந்து மார்பு 12, மார்பிலிருந்து தொப்புள் 12, தொப்புளிலிருந்து தொடை இடுக்கு 12, தொடை 24, முழங்கால் 4, கணைக்கால் 24, பாதம் 4. கூட்டிப் பாருங்கள். முகத்திலிருந்து தொடை இடுக்கு வரை 52, அதற்குக் கீழே 56. முகத்துக்கு மேல் உச்சிக்கு 4 சேர்த்தால் மேலும் 56, கீழும் 56. கரித்தூள் சொன்ன நடுக்கோடு அப்படியே வந்து விழுகிறது. தலை என்று எடுத்தால் 12உம் 4உம் 16, மொத்தம் 112, அதாவது சரியாக ஏழு தலை.

பெருந்தெய்வங்களுக்கு உத்தம தசதாலம், அதாவது பத்துத் தால வகையில் உயர்ந்தது, 124 அங்குலம். பிள்ளையாருக்குப் பஞ்சதாலம். அளவு மாறினால் ஆளின் தன்மையே மாறுகிறது என்பதைத் தெரிந்துதான் வகை பிரித்திருக்கிறார்கள். ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸும் முகம் உயரத்தில் 10இல் ஒன்று, தலை 8இல் ஒன்று என்கிறார். 1490 வாக்கில் லியொனார்தோ வட்டத்துக்கும் சதுரத்துக்கும் உள்ளே கை விரித்து நிற்கும் மனிதனை வரைந்தது அந்த அளவுகளை ஒட்டித்தான். எட்டுத் தலை என்பது அழகுக்காக உயர்த்திச் சொன்ன அளவு. தெருவில் நடக்கிற ஆள் ஏழு, ஏழரைதான் இருப்பார்.

மைக்கூடு (பதிவு 5)

ஐயா, கணக்கு அருமை. ஆனால் இந்த அளவெல்லாம் நேராக நிற்கிற ஆளுக்குத்தானே? குனிந்து கோலம் போடுகிறவருக்குக் கழுத்திலிருந்து மார்புவரை 12 அங்குலம் எங்கே தெரியும்? ஆரம்பத்திலேயே அளவைப் பிடித்துக்கொள்கிறவர்கள் உருவத்தைத் துண்டு துண்டாக அடுக்கப் பழகிவிடுகிறார்கள். அந்தப் பழக்கத்தை உடைக்க ஆறு மாதம் ஆகும்.

ஒடியோலை (பதிவு 6)

அந்த மரபு அதையும் யோசித்திருக்கிறது, தம்பி. உச்சியிலிருந்து நடுவாக இறங்கும் குத்துநூலுக்குப் பிரம்மசூத்திரம் என்று பெயர். நேராக நிற்கிற சமபங்கத்தில் நெற்றி, மூக்கு, தொப்புள் எல்லாம் அந்த நூலிலேயே இருக்கும். லேசாக ஒசிந்து நிற்பது ஆபங்கம். தலை ஒரு பக்கம், உடம்பு மறுபக்கம், இடுப்பு மீண்டும் முதல் பக்கம் என்று மூன்று இடத்தில் ஒடிவது திரிபங்கம். உக்கிரமாக வளைவது அதிபங்கம். ஒவ்வொரு உறுப்பும் நூலிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்றுதான் பங்கத்தையே கணக்கிடுகிறார்கள். நீங்கள் சொன்ன தோள் சாய்வும் இடுப்புச் சாய்வும் வேறெதுவுமில்லை. எழும்பூர் அருங்காட்சியகத்து வெண்கலக் கூடத்தில் சோழர் காலப் பார்வதிக்கு முன்னால் நின்று ஒரு நூலைத் தொங்கவிட்டுப் பாருங்கள், இரண்டு பேர் சொல்வதும் ஒரே உருவத்தில் தெரியும். புதிதாகப் பழகுகிறவருக்கு இன்னொரு வசதி, சிலை அசையாது.

மைக்கூடு (பதிவு 7)

நூலிலிருந்து விலகல் என்று சொன்னது எனக்கே புதுசு, நன்றி ஐயா. அப்படியென்றால் வரிசையை இப்படிச் சொல்லலாம்: ஓட்டக்கோடு முதலில், உடனே அதன் பக்கத்தில் மெல்லிய குத்துக்கோடு, அதன்பின் அளவுக்கோடுகள். அளவு அசைவைச் சரிபார்க்க வேண்டும், அசைவுக்கு முன்னால் போய் நிற்கக் கூடாது.

சுண்ணாம்புக்கோடு (பதிவு 8)

அட்டையைச் சாய்த்து வரைந்த 20 உருவங்களை இணைத்திருக்கிறேன். தலை அடங்கிவிட்டது, கால் தாளுக்குள் வந்துவிட்டது. இப்போது புதுத் தொல்லை: சாய்கோடு போட்டால் ஆள் விழப்போகிற மாதிரி இருக்கிறார். கை கால் பலூனை முடிச்சுப் போட்டுக் கோர்த்த மாதிரி இருக்கிறது.

கரித்தூள் (பதிவு 9)

விழுவதற்குக் காரணம் தொண்டைக்குழி. காறை எலும்பு இரண்டும் சந்திக்கும் அந்தப் பள்ளத்திலிருந்து கொத்தனார் தூக்குக்குண்டு விடுகிற மாதிரி நேர்கோடு இறக்குங்கள். ஒற்றைக்காலில் பாரம் போட்டு நிற்பவருக்கு அந்தக் கோடு பாரம் தாங்கும் பாதத்தின்மேல், பெரும்பாலும் கணுக்காலுக்கு உட்பக்கமாக விழும். இரண்டு காலிலும் சமமாக நின்றால் இரண்டு பாதத்துக்கும் நடுவில். உங்கள் 7, 11, 12ஆம் உருவங்களில் கோடு பாதத்தைவிட்டு ஒரு தலை தூரம் வெளியே போகிறது. இடுப்பைச் சாய்த்தீர்கள், ஆனால் தாங்குகிற காலை உள்ளே கொண்டுவரவில்லை. இடுப்பு ஒருபக்கம் ஏறினால் அந்தக் கால் இடுப்பிலிருந்து சாய்வாக உள்நோக்கி இறங்கித் தலைக்கு அடியில் போய் நிற்கும்.

பாரம் சுமக்கிறவருக்கும், எதையாவது தள்ளுகிறவருக்கும் இந்தக் கணக்கு மாறும். தலையில் குடம் இருந்தால் குடத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். இடுப்பில் குடம் வைத்தவர் எதிர்ப்பக்கம் சாய்ந்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் குடத்தில் தண்ணீர் இருப்பதாகவே தோன்றாது. மெரினாவில் 1959இல் நிறுவப்பட்ட தேவி பிரசாத் ராய் சௌத்ரியின் உழைப்பாளர் சிலையில் நாலு பேர் பாறையைப் பெயர்க்கிறார்கள். யாருக்கும் உடம்பு காலுக்கு நேர்மேலே இல்லை, ஆனாலும் யாரும் விழவில்லை, ஏனென்றால் பாறை எதிர்த்துத் தாங்குகிறது. சுற்றி நடந்து நாலு பக்கத்திலிருந்தும் ஓட்டக்கோடு மட்டும் போட்டுப் பாருங்கள். ஒருவரின் பின்காலிலிருந்து கை வரைக்கும் ஒரே கோடாக ஓடும்.

என்புதோல் (பதிவு 10)

பலூன் விஷயத்தை நான் சொல்கிறேன். கையையோ காலையோ வரையும்போது இரண்டு பக்கமும் ஒரே உயரத்தில் புடைப்பு வைத்தால் பலூன் வரும். உடம்பில் எதிரெதிர்ப் புடைப்புகள் சம உயரத்தில் இருப்பதே இல்லை. கெண்டைக்காலில் வெளிப்பக்கச் சதையின் உச்சி மேலே, உட்பக்கச் சதை அதைவிடக் கீழே இறங்கி முடியும். கணுக்காலில் நேர்மாறு: உள் கணு உயரம், வெளிக் கணு தாழ்வு. இந்த இரண்டு சாய்வையும் மட்டும் சரியாகப் போட்டால்கூடக் கால் காலாகத் தெரியும். ஒரு பக்கம் வளைந்தால் எதிர்ப்பக்கத்தை நேராக்குங்கள், பிறகு மாற்றுங்கள்.

பக்கவாட்டில் பார்த்தால் கால் ஒரு நெளிவு: தொடை முன்னால் புடைக்கும், கெண்டைக்கால் பின்னால் புடைக்கும். குச்சி உருவத்தில் காலை ஒரே நேர்கோடாக இறக்குவதால் இந்த நெளிவு போய்விடுகிறது.

கால் எங்கே ஆரம்பிக்கிறது என்பதிலும் எல்லோரும் தவறுகிறார்கள். பெட்டியின் அடியிலிருந்து இரண்டு குச்சி தொங்குவதில்லை. பேன்ட் பாக்கெட்டில் கை விட்டால் இடுப்புக்கு வெளியே ஒரு கெட்டி எலும்பு தட்டுப்படும், தொடையெலும்பின் மேல்முடிச்சு அது. உடம்பின் நடுக்கோட்டுக்கு ஏறக்குறைய அதே உயரம். அங்கிருந்து தொடையெலும்பு உள்நோக்கிச் சரிந்து முழங்காலுக்கு வருகிறது. அதனால்தான் இடுப்பு அகலமாகவும் முழங்கால்கள் நெருங்கியும் இருக்கின்றன. செங்குத்தாக இறக்கினால் முழங்கால்களுக்கு நடுவே கதவளவு இடைவெளி விழும்.

தோளும் அப்படித்தான். கையைத் தலைக்கு மேல் தூக்கினால் அந்த 180 பாகையில் சுமார் 120 மூட்டில் நடக்கிறது, மீதி 60 தோள்பட்டை எலும்பு சுழல்வதால் வருகிறது. ஆகவே கை உயர்ந்தால் தோளும் காறை எலும்பும் கூடவே ஏற வேண்டும். தோளை அதே இடத்தில் வைத்துவிட்டுக் கையை மட்டும் தூக்கினால் ஒடிந்த கை மாதிரி இருக்கும். உங்கள் 15ஆம் உருவத்தில் இதுதான் ஆகியிருக்கிறது.

திரும்பிப் பார்க்கிற உருவத்துக்கு ஒரு சின்னக் குறிப்பு: கீழ்முதுகு முன்னும் பின்னும் நன்றாக வளையும், ஆனால் திருகுவது மிகக் கொஞ்சம். திருகல் விலா இருக்கும் பகுதியிலும் கழுத்திலும்தான். முட்டையைத் திருப்புங்கள், தொப்புளுக்குக் கீழே முறுக்க வேண்டாம்.

சுண்ணாம்புக்கோடு (பதிவு 11)

கை எவ்வளவு நீளம் என்பதற்கு எளிய சரிபார்ப்பு இருக்கிறதா?

என்புதோல் (பதிவு 12)

கையைத் தொங்கவிட்டால் முழங்கை இடையின் உயரத்தில், மணிக்கட்டு தொடை இடுக்கு உயரத்தில், விரல்நுனி நடுத்தொடையில். உள்ளங்கையும் விரலும் சேர்ந்த நீளம் மோவாயிலிருந்து மயிரெல்லை வரை. பாதம் முன்கையின் நீளம், முழங்கை மடிப்பிலிருந்து மணிக்கட்டு வரை. பயந்துகொண்டு வரைவதால் கையும் பாதமும் எப்போதும் சின்னதாகத்தான் வரும். சந்தேகம் வந்தால் கொஞ்சம் பெரிசாகவே போடுங்கள்.

தெருமுனைப்பலகை (பதிவு 13)

எல்லோரும் நிற்கிற ஆளையே பேசுகிறீர்களே. நம் ஊரில் ஆட்கள் சம்மணம் போடுவார்கள், குத்தவைத்து உட்காருவார்கள், திண்ணையில் ஒரு காலைத் தொங்கப்போட்டு மறுகாலை மடக்கி உட்காருவார்கள். நாற்காலி உருவத்தைப் பார்த்துப் பழகிய கைக்கு இவை எதுவும் வராது.

சம்மணத்துக்குத் தரையிலிருந்து உச்சி வரை சுமார் நாலு தலை. முதலில் தரையில் ஒரு தட்டையான நீள்வட்டம் போடுங்கள், இரண்டு முழங்காலும் புட்டமும் அந்த வட்டத்தின் விளிம்பில் உட்கார வேண்டும். பிறகுதான் உடம்பு. வட்டம் இல்லாமல் நேராகக் காலை வரைந்தால் முழங்கால் ஒன்று தரைக்கு மேலே மிதக்கும், மற்றது தரைக்குள் புதையும்.

குத்தவைப்பதில் குதிகால் தரையில் பதிந்திருக்கும், புட்டம் குதிகாலுக்குச் சற்றுமேலே, முழங்கால் அக்குள் உயரத்துக்கு ஏறிவிடும். தொண்டைக்குழி நூல் பாதத்தின் நடுவில் விழும். புட்டம் பின்னால் போவதை ஈடுகட்டத் தலையும் கையும் முன்னால் வந்தே ஆக வேண்டும். அதை மறந்தால் ஆள் பின்னால் சாய்ந்து விழுவார்.

சேலை, வேட்டி விஷயம். துணி உடம்பை மறைக்கும் என்று நம்பி இடுப்பை வரையாமல் விட்டுவிடுவார்கள். துணிக்கு அடியில் பெட்டியும் இரண்டு முழங்காலும் மெல்லிய கோட்டில் இருக்க வேண்டும். மடிப்பு எல்லாம் ஏதோ ஒரு தாங்குமிடத்திலிருந்து கிளம்பும்: முந்தானை தோளிலிருந்து, கொசுவம் தொப்புளுக்குக் கீழே செருகிய இடத்திலிருந்து, உட்கார்ந்தால் முழங்காலிலிருந்து. தாங்குமிடத்தைக் குறித்துவிட்டு அங்கிருந்து 5, 6 மடிப்புக்கு மேல் போடாதீர்கள். நடக்கும்போது முன்காலின் முழங்கால் கொசுவத்தைத் தள்ளும், பின்காலின் குதிகாலிலிருந்து ஒரு நீண்ட இழுப்பு மடிப்பு போகும். அந்த ஒரு மடிப்பே நடையைக் காட்டிவிடும்.

குழந்தைகளைப் பெரியவரைச் சுருக்கின மாதிரி வரையாதீர்கள். பிறந்த குழந்தை நாலு தலை, 2 வயதில் ஏறக்குறைய ஐந்து, 6 வயதில் ஆறு, 12 வயதில் ஏழு. கை கால் குறைவு, தலைதான் பெரிசு. கழுத்து இருப்பதே தெரியாது.

அசைகிற ஆட்களை எங்கே பிடிப்பது என்றால், ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்கிறவர்களைத் தேடுங்கள். டீ ஆற்றுகிறவர், இஸ்திரி போடுகிறவர், பூக்கட்டுகிறவர். ஒரே தாளில் நாலு உருவத்தைத் தொடங்கிவிடுங்கள். அசைவு மாறினால் அடுத்ததுக்குப் போங்கள், முதல் அசைவு திரும்பும்போது திரும்பி வாருங்கள். ஐந்து நிமிடத்தில் நாலும் நிறைந்துவிடும். முகத்தைத் தொடாதீர்கள். முறைத்துப் பார்த்தால் அவர்களுக்கும் சங்கடம், கேட்டுவிட்டு வரைவது மரியாதை.

சுண்ணாம்புக்கோடு (பதிவு 14)

வெளியே போக முடியாத நாளில் போனில் எடுத்த போட்டோவைப் பார்த்து வரையலாமா?

கரித்தூள் (பதிவு 15)

வரையலாம், எடுக்கிற விதத்தைப் பொறுத்தது. போனின் வழக்கமான லென்ஸ் அகலக்கோணம். ஒன்றரை மீட்டரில் நின்று உங்கள் கண் உயரத்திலிருந்து எடுத்தால் தலையும் தோளும் பெருத்துக் கால் குச்சியாகிவிடும். அதைப் பார்த்து வரைந்தால் லென்ஸின் பிழையை மனித அளவென்று கை மனப்பாடம் செய்துகொள்ளும். குறைந்தது 4 மீட்டர் தள்ளி நில்லுங்கள், போனை அவருடைய இடுப்பு உயரத்துக்கு இறக்குங்கள், இரட்டிப்பு லென்ஸ் இருந்தால் அதைப் போடுங்கள். வெளிச்சம் ஒரே பக்கத்திலிருந்து வரட்டும். பிளாஷ் போட்டால் நெஞ்சின் திருப்பம் தட்டையாகிவிடும்.

போட்டோவின்மேல் தாள் வைத்து ஒற்றி எடுப்பது வேண்டாம். புறக்கோடு மட்டும் கிடைக்கும், உள்ளே முட்டையும் பெட்டியும் எப்படித் திரும்பியிருக்கின்றன என்பது கடைசிவரை தெரியாது. ஒற்றத்தான் வேண்டுமென்றால் புறக்கோட்டை விட்டுவிட்டு, தோள்கோடு, இடுப்புக்கோடு, முட்டை, பெட்டி இவற்றை மட்டும் ஒற்றுங்கள். அது நல்ல பாடம்.

சுண்ணாம்புக்கோடு (பதிவு 16)

முன்னால் நீட்டிய கை, நம்மைப் பார்த்து உட்கார்ந்தவரின் தொடை, இதெல்லாம் வரவே மாட்டேன் என்கிறது. அளந்து பார்த்தால் தொடை அரைத் தலைகூட இல்லை. அதை நம்ப மனசு வரவில்லை.

மைக்கூடு (பதிவு 17)

அளந்ததை நம்புங்கள். "தொடை நீளமானது" என்று மனசு சொல்வதைக் கேட்டு இழுத்து வரைவதால்தான் உட்கார்ந்தவர் சறுக்குமரத்தில் வழுக்குகிற மாதிரி தெரிகிறார். நாம் குறுக்கம் என்று சொல்கிற இந்த இடத்தில் தாலமும் தலையும் உதவாது, மூன்று வேறு கருவி வேண்டும்.

உறுப்பை உருளையாக நினையுங்கள். தொடைக்கு ஒரு முனை முழங்கால், மறுமுனை இடுப்பு. இரண்டு முனைக்கும் நீள்வட்டம் போட்டு, கிட்டத்தில் இருக்கும் வட்டத்தைப் பெரிசாக்குங்கள். உறுப்பு உங்களை நேராகப் பார்க்கப் பார்க்க வட்டம் முழுசாகும், இரண்டு வட்டமும் ஒன்றின்மேல் ஒன்று ஏறும்.

அடுத்து, கோடு மறையும் இடம். முன்னால் இருக்கும் வடிவத்தின் கோடு ஓடிக்கொண்டே இருக்கும், பின்னால் இருக்கும் வடிவத்தின் கோடு அதில் முட்டி நிற்கும். முழங்காலின் கோடு தொடையை வெட்ட வேண்டும், தொடையின் கோடு வயிற்றை வெட்ட வேண்டும். கோடுகள் ஒன்றையொன்று தொட்டும் தொடாமலும் பக்கத்தில் நின்றால் ஆழமே தெரியாது.

மூன்றாவது, வெற்றிடம். கைக்கும் உடம்புக்கும் நடுவே தெரிகிற சுவரின் துண்டு முக்கோணமா, நாற்கோணமா, எவ்வளவு ஒல்லி? அந்தத் துண்டை வரையுங்கள். அதற்கு "கை" என்று பெயர் இல்லாததால் மனசு குறுக்கே வராது.

அளக்கும்போது முழங்கையை மடக்காதீர்கள். கை முழுசாக நீண்டு, ஒரு கண் மூடி, பென்சில் நுனி தலையுச்சியில், கட்டைவிரல் மோவாயில். கை சற்று மடங்கினாலே ஒவ்வொரு அளவும் வேறாகிவிடும்.

ஒடியோலை (பதிவு 18)

இங்கே தம்பி சொல்வதை முழுக்க ஏற்கிறேன். சிற்பி முழு உருவத்தை உருட்டிச் செய்கிறார், அவருக்குக் குறுக்கம் என்ற சிக்கலே கிடையாது. தாளில் வரைபவருக்குத்தான் அது. ஓலையை எங்கே கீழே வைப்பது என்று தெரிந்திருப்பதும் அளவறிவுதான்.

சுண்ணாம்புக்கோடு (பதிவு 19)

தினம் 20 நிமிடம்தான் கிடைக்கிறது. எப்படிப் பிரிப்பது? தாளும் கரியும் என்ன வாங்கலாம்?

கரித்தூள் (பதிவு 20)

30 நொடி உருவம் 10, ஒரு நிமிட உருவம் 5, ஐந்து நிமிட உருவம் 2. மொத்தம் சரியாக 20 நிமிடம். 30 நொடியில் ஓட்டக்கோடும் இரண்டு சாய்கோடும் மட்டும். ஒரு நிமிடத்தில் முட்டையும் பெட்டியும் சேரும். ஐந்து நிமிடத்தில் குத்துநூல், அளவுக்கோடு, கை கால், கடைசி ஒரு நிமிடம் நிழல். வாரத்தில் ஒருநாள் இதை விட்டுவிட்டு ஒரே உருவத்துக்கு 40 நிமிடம் கொடுங்கள். வேகக்கோடு மட்டுமே போட்டுக்கொண்டிருந்தால் கோடு துள்ளும், ஆனால் மணிக்கட்டு எங்கே இருக்கிறது என்று தெரியாமலே வருடம் ஓடிவிடும்.

விலை உயர்ந்த தாள் வாங்க வேண்டாம். நல்ல தாளில் பயம் வரும், பயந்த கை ரோமம் ரோமமாகக் கோடு கீறும். செய்தித்தாள் அச்சடிக்கிற வெற்றுத்தாளை ஏ3 அளவுக்கு வெட்டித் தருவார்கள், அல்லது ஒருபக்கம் அச்சடித்த கணினித்தாளின் பின்பக்கம். 2பி இதற்குக் கடினம். 6பி பென்சில் அல்லது மெல்லிய கரிக்குச்சி நல்லது. கூர் சீவாமல் பக்கவாட்டில் தேய்த்து வரையுங்கள், சின்ன விவரத்துக்குள் போக அதுவே விடாது.

தேதி போட்டு வையுங்கள். வரைந்ததைத் தலைகீழாகப் பிடித்தோ போனில் இடவலம் மாற்றியோ பாருங்கள், சாய்ந்த கண்ணும் நீண்ட கையும் பளிச்சென்று தெரியும்.

சுண்ணாம்புக்கோடு (பதிவு 21)

மூன்று வாரத்து ஐந்து நிமிட உருவங்கள் இணைப்பில். தயவுசெய்து தாட்சண்யம் பார்க்காமல் சொல்லுங்கள்.

என்புதோல் (பதிவு 22)

2ஆம் படம், இஸ்திரிக்காரர், மிக நன்று. தோள்கோடும் இடுப்புக்கோடும் எதிரெதிராகச் சாய்ந்து, அழுத்துகிற கையில் பாரம் இறங்குவது தெரிகிறது. 4ஆம் படத்தில் கழுத்தைத் தோளின்மேல் நட்டுவைத்த குழாய் மாதிரி போட்டிருக்கிறீர்கள். கழுத்து முதுகுப் பக்கம் உயரமாகத் தொடங்கி முன்பக்கம் தொண்டைக்குழியில் தாழ்ந்து முடியும், அதனால் பக்கவாட்டில் பார்த்தால் முன்னோக்கிச் சாய்ந்திருக்கும். தலையை ஒரு விரற்கடை முன்னால் தள்ளுங்கள், ஆளுக்கு உடனே வயசும் களைப்பும் வந்துவிடும்.

தெருமுனைப்பலகை (பதிவு 23)

5ஆவதில் குத்தவைத்தவரின் பாதம் இரண்டும் ஒரே கோட்டில் நிற்கிறது. தூரத்துப் பாதம் தாளில் சற்று மேலே வர வேண்டும், நம் கண் அவர் தலைக்கு மேலே இருப்பதால். முதலில் தரையில் ஒரு சின்ன ஓடுகல் கட்டம் போட்டுக்கொண்டு, இரண்டு பாதத்தையும் அதில் வைத்துவிட்டு, அப்புறம் மேலே ஏறுங்கள். குதிகால் பதிந்த இடத்தில் கரியை ஒருமுறை அழுத்தித் தேய்த்தால் போதும், தரை வந்துவிடும். அதே ஆளை நாளைக்கு இன்னொரு பக்கத்திலிருந்து வரைந்து போடுங்கள், பார்க்கலாம்.